கலெக்டருக்கு நாற்பது நிமிடம்

நாலு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டது. சாத்தியதும் ஒரே ஒரு குரல் வந்து ஓய்ந்திருந்தது; இப்போது முதலில் கதவைப் பிறாண்டும் சத்தம், பிறகு கதவடி இடுக்கில் மூக்கை வைத்து உறிஞ்சும் சத்தம், பிறகு ஒரு முனகல், அதன் பிறகு அந்த ஓலம். இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தில் சௌந்தரம் சுவரில் சாய்ந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து முப்பத்தொன்பது. கதவைச் சாத்தியது பத்து முப்பத்தைந்துக்கு. நாற்பது நிமிடம் என்றால் பதினொன்றே கால். பதினொன்றே கால் என்பது ஏதோ வேறு ஊரில் இருப்பதுபோல இருந்தது, ரயில் மாறிப் போக வேண்டிய ஊர். இருபத்தாறு நாளாக இதே படி, இதே சுவர், சுவரில் இதே எண்ணெய்க் கறை. ஒரு நிமிடத்தில் தொடங்கி, மூன்று, ஐந்து, ஏழு என்று ஏற்றிக்கொண்டு போய் ஒன்பதில் முட்டிக்கொண்டு நின்றது. ஒன்பதிலிருந்து மறுபடி இரண்டுக்கு விழுந்தது. மறுபடி ஐந்து. ஏணியில் ஏறித் தாயக்கட்டத்தில் பாம்பிடம் சறுக்குகிற மாதிரி, என்று நினைத்து, என்ன உளறல், தாயத்தில் ஏது பாம்பு, பரமபதம் அல்லவா அது, என்று தன்னையே திருத்திக்கொண்டாள். பெண்கள் கல்லூரியில் இருபத்தொன்பது வருடம் நூலகராக இருந்தவளுக்கு ஒரு வாக்கியம் நேராக வரவில்லை. நாய் ஓலமிடும்போது எதுவும் நேராக வருவதில்லை. இன்று சனிக்கிழமை. எடுத்த ஒரு மாத விடுப்பு நாளையோடு முடிகிறது. திங்கட்கிழமை ஒன்பதரைக்கு நூலகத்தைத் திறந்தாக வேண்டும். இன்று நாற்பது நிமிடம் தாண்டாவிட்டால் நாளைக் காலை கோபியிலிருந்து தங்கை வசுமதியும் அவள் வீட்டுக்காரரும் வண்டியோடு வந்து அதைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படித்தான் பேச்சு. சனிக்கிழமை மத்தியானம் சொல்கிறேன் என்று இவளேதான் ஒப்புக்கொண்டாள்.

அது என்று சொன்னால் வசுமதிக்குப் பிடிக்காது. அது என்ன அது, கலெக்டர்னு சொல்லு, என்பாள். அப்பா இரண்டு பெண்களில் ஒருத்தியையாவது கலெக்டராக்கிப் பார்க்க ஆசைப்பட்டார். மூத்தவள் நூலகரானாள், இளையவள் தபால் ஆபீசில் எழுத்தரானாள், அப்பா ஒன்றும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தார். மறு வருட மழையில், வண்டி நிறுத்துகிற இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்த பழுப்புக் குட்டியை முந்தானையில் சுற்றித் தூக்கி வந்து, அப்பாவோட ஆசை வீணாப் போகக் கூடாதுக்கா, என்று வசுமதி பேர் வைத்தாள். ஒன்பது வருடம். கல்யாணமாகாத இரண்டு பெண்களும் ஒரு நாயும். வசுமதிக்குத் தபால் பிரிக்கும் இரவு ஷிப்டு, பகலில் அவள், இரவில் இவள் என்று வீட்டில் எப்போதும் யாராவது இருந்தார்கள். ஒன்பது வருடத்தில் கலெக்டர் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் தனியாக இருந்ததில்லை. யார் கண்டது, ஐம்பத்தோரு வயதில் அவளுக்கு ஒரு பழனியப்பன் வருவார் என்று. மனைவியை இழந்தவர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், வாழைத் தோட்டம், அதிர்ந்து பேசாத மனிதர். அவரை வெறுக்கக்கூட முடியவில்லை, அதுதான் எரிச்சல். வெறுக்கிற மாதிரி ஒரு ஆளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். நல்ல மனுசன்டி, போ, என்று சொன்னதும் இவள்தான். ஆவணியில் கல்யாணம், மாற்றல் வாங்கிக்கொண்டு அவள் போனாள், அடுத்த திங்கட்கிழமை இவள் கல்லூரிக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் நிலைப்படியெல்லாம் ரத்தம். மரத்தைப் பிறாண்டிப் பிறாண்டி முன்னங்கால் நகம் இரண்டு பிய்ந்திருந்தது. கதவின் கீழ்ப்பாதியில் வண்ணம் முழுக்கப் போயிருந்தது. அன்றைக்கு எழுதிக் கொடுத்த விடுப்பு இது. என்னென்ன செய்தாயிற்று. ரப்பர் பந்துக்குள் தயிர்சாதத்தை அடைத்து உறைய வைத்துக் கொடுத்தாயிற்று. இவள் இருக்கிறவரை நக்கும், செருப்பை மாட்டினால் விட்டுவிடும். ரேடியோவைப் பாடவிட்டாயிற்று. சாவியை எடுத்து எடுத்து வைத்தாயிற்று, செருப்பை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாயிற்று. வசுமதியின் பழைய சுங்குடிச் சேலையை அதன் படுக்கையில் விரித்ததுதான் பெரிய தப்பு. அன்றைக்கு அது சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தியது. வாசனை மட்டும் இருந்து ஆள் இல்லாவிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும். மறுநாள் அந்தச் சேலையைத் துவைத்து மடித்து பீரோவில் வைத்தாள், வைக்கும் முன் தானும் ஒரு முறை முகர்ந்து பார்த்தாள், சோப்பு வாசனைதான் வந்தது, அதற்கும் கோபம் வந்தது.

பத்து நாற்பத்தேழு. மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது, தன் கதவோ என்று நிமிர்ந்து பார்த்தாள். இல்லை, எதிர் வீட்டு ஜெயக்கொடி, கையில் குப்பை வாளியோடு இறங்கி வந்தாள். “என்னங்கக்கா, இன்னிக்குக் கலெக்டரே மனுக் குடுக்கறாராட்ட இருக்குது?” சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். “இன்னும் கொஞ்ச நேரந்தாங்க, பொறுத்துக்குங்க,” என்றாள் சௌந்தரம். “நான் பொறுத்துக்கறனுங்க. எங்க வீட்டுக்காரரு காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்துட்டாரு, அதும் ஒரு வகைல எனக்கு நிம்மதிதான், ஒன்னும் நொட்டை சொல்ல மாட்டாரு. கீழ் வீட்டுக் குழந்தைதான் எந்திரிச்சுக்கும்.” இரண்டு படி இறங்கியவள் நின்றாள். “ஆனாலும் புள்ளைய அழவுட்டுப்போட்டு இப்படிப் படியில நிக்கறீங்களே, கல்லு மனசுங்கக்கா உங்களுக்கு.” வாளி கைப்பிடி கிறீச்சிட அவள் இறங்கிப் போனாள். கல்லு மனசு. கல் என்றால் இந்நேரம் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருக்கலாமே. ஓலம் மறுபடி எழுந்தது. தாழ்வாகத் தொடங்கி, நடுவில் வளைந்து, உச்சியில் உடைந்து, உடைந்த இடத்திலிருந்து இழை இழையாகக் கீழே இறங்குகிறது. பிறகு மூச்சு வாங்க ஒரு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் அவள் ஒவ்வொரு தடவையும் ஏமாந்தாள்: ஓய்ந்துவிட்டது, இனி இல்லை, என்று உடம்பு முழுக்கத் தளரும், தளர்ந்த உடம்பின்மேல் அடுத்த ஓலம் வந்து விழும். அமைதி காக்கவும் என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து வாழ்ந்தவள் அவள். மேசையில் பென்சிலால் ஒரு தட்டு தட்டினால் எழுபது பெண்கள் வாயை மூடுவார்கள். இங்கே எதைத் தட்டுவது. யாரிடம் போய்ச் சொல்வது, இது முரண்டு இல்லை, சேட்டை இல்லை, இதற்குப் பயம், ஒருத்தி போனபோது போனவள்தான், நானும் போனால் போனவள்தான் என்று நினைக்கிறது என்று. நான் வருவேனடா மடையா, தினமும் வந்துகொண்டுதானே இருக்கிறேன். தொண்டை வறண்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்தால் தேவலை என்று தோன்றிய அந்தக் கணமே அவளுக்கு முகம் சூடானது.

ஏனென்றால் நேற்றுத்தான் துரைசாமி வந்திருந்தார். இருபத்தாறு வருடம் போலீஸ் மோப்ப நாய்களோடு இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர், இப்போது வீட்டு நாய்களுக்குப் பழக்கிக் கொடுக்கிறார். முதல் நாள் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் செய்தும் ஏன் ஒன்பதைத் தாண்டவில்லை என்று அவருக்கே விளங்கவில்லை. “சரிங்கம்மா, நான் இருக்கறதையே மறந்துருங்க. தினமும் எப்படிக் கிளம்புவீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க,” என்று மூலையில் உட்கார்ந்துகொண்டார். இவள் செய்து காட்டினாள். செருப்பு, சாவி, கதவு. கதவைச் சாத்தியதும் உள்ளே ஒரு குரல். இவள் கதவைத் திறந்து உள்ளே வந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், மேசைமேல் தயாராக வைத்திருந்த டம்ளரிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், எழுந்து மறுபடி கிளம்பினாள். “நில்லுங்க நில்லுங்க. ஏனுங்கம்மா திரும்பி வந்தீங்க?” “பின்னால கூப்பிட்டுருச்சுங்களே.” “யாரு?” “அதுதான்.” “தண்ணி எதுக்குங்க?” இதைக்கூடவா ஒரு மனிதருக்கு விளக்க வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. “கிளம்பறப்போ பின்னால குரல் கேட்டா அப்படியே போகக் கூடாதுங்க. வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போகணும். எங்க வீட்டுல அப்படித்தான்.” “எங்க வீட்டுலயும் அப்படித்தானுங்க. ஆனா தினமுமா?” “தினமும் கத்துது, தினமும்தான்.” துரைசாமி நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “அம்மா, இருபத்தாறு வருசத்துல எந்த நாய்க்கும் நான் இவ்வளவு சுத்தமா ஒரு பாடம் சொல்லிக் குடுத்ததில்லீங்க. குரல் குடுத்தா ஆள் வரும், உக்காரும். அடுத்த குரலுக்கும் வரும்னு அது நம்புது. வரலைன்னா இன்னும் சத்தமாக் கூப்பிடுது. அது மேல என்னங்க தப்பு?” கலெக்டர் வாலை ஆட்டிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. போகும்போது துரைசாமி சிரிப்பை விட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: “நாள் இருந்தா ரெண்டு நிமிசத்துலருந்து மறுபடி ஏத்திக்கிட்டு வாங்கன்னுதான் சொல்லுவேன். உங்களுக்கு நாளில்லை. நகத்தைப் பிய்ச்சுக்காம இருக்கக் கதவு அடியில தகரம் அடிச்சுருங்க. நாளைக்கு ஒரே தடவை நாற்பது நிமிசம் பாருங்க. எந்த நாய்க்கும் முதல் அரைமணி நேரந்தான் கண்டம், அதைத் தாண்டுச்சுன்னா தூங்கிரும். கத்தறப்போ மட்டும் உள்ள போயிறாதீங்க. போனீங்கன்னா நாற்பது நிமிசம் கத்தினா வருவாங்கன்னு கத்துக்கும்.”

தகரம் அடித்தாயிற்று. இன்று காலை டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைத்தாயிற்று. கதவைச் சாத்தியதும் வந்த அந்த முதல் குரலுக்குத் திரும்பாமல் படி இறங்கியதுதான், வாழ்க்கையில் முதல் முறை, அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள். முதுகுக்குப் பின்னால் எதையோ கொட்டிவிட்டுத் துடைக்காமல் வந்தது போல இருந்தது. ஏதாவது நடக்கும். படியில் கால் பிசகும், கேஸ் சிலிண்டர் வெடிக்கும், வசுமதிக்கு ஏதாவது ஆகும். வசுமதிக்கு ஏதாவது ஆகும் என்று நினைத்ததும் அவள் கிளம்பிய அந்தக் காலை கண்முன் வந்து நின்றது, வராதே என்றால் வராமல் இருக்குமா. வாசலில் பழனியப்பனின் வண்டி. பின்சீட்டில் இரண்டு பெட்டி. வசுமதி ஒரு காலை வண்டிக்குள் வைத்துவிட்டாள். அப்போது மேலே ஜன்னல் கம்பிக்குள் இருந்து கலெக்டர் ஒரு ஓலம் விட்டது, தெருவே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தர், “எறங்கி ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டு ஏறு கண்ணு,” என்றார். சௌந்தரம் டம்ளரோடு நின்றிருந்தாள். யாரும் சொல்வதற்கு முன்னாலேயே எடுத்து வந்திருந்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று. அந்த ஓலம் வராமல் இருந்தால் தானே கூப்பிட்டிருப்பாளோ என்னவோ. நல்ல காரியத்துக்குப் போகிறவளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவளுக்கு, நாய் கூப்பிட்டதும் அப்பாடா என்று இருந்தது. வசுமதி சிரித்தாள். “நாய்தானே பெரியம்மா, அதுக்கெல்லாமா சகுனம் பாக்கறது,” என்று இன்னொரு காலையும் உள்ளே எடுத்துக்கொண்டாள். வண்டி போயிற்று. டம்ளரில் இருந்ததைத் துளசிச் செடிக்கு ஊற்றிவிட்டு இவள் மேலே ஏறினாள். அதன் பிறகு கலெக்டர் கூப்பிட்டபோதெல்லாம் இவள் திரும்பி வந்தாள், உட்கார்ந்தாள், குடித்தாள். யாருக்கோ பதிலாக.

பத்து ஐம்பத்தைந்து. படியில் நின்றால் கால் தானாக மேலே ஏறிவிடும்போல இருந்ததால் கீழே இறங்கினாள். முதல் மாடி, தரைத்தளம், குழந்தை இருக்கிற வீட்டைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள், மேலிருந்து அது அப்படிக் கத்தும்போது தன் செருப்புச் சத்தத்தை ஒளிப்பது என்ன முட்டாள்தனம் என்று தோன்றியும் எடுத்துக்கொண்டாள். மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் திட்டு, அதில் உட்கார்ந்தாள். இங்கேயும் கேட்டது. மெலிதாக, ஆனால் ஒவ்வொரு வளைவும் கேட்டது. அதன் குரலில் இப்போது ஒரு கரகரப்பு ஏறியிருந்தது. தொண்டை புண்ணாகிவிடும். ஒன்பது வயது என்றால் நாய்க்கு என்ன வயது, எனக்கு மேலேயே இருக்கும். இருதயம் நின்றுவிட்டால். அப்படி நின்றால் அது நான் தண்ணீர் குடிக்காததாலா, குடித்துக் குடித்துக் கெடுத்ததாலா. போய்விடலாமா. போய்க் கதவைத் திறந்து, சரி வா, நீயும் நானும் தோற்றுவிட்டோம், என்று சொல்லிவிடலாமா. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு நாய்க்குக் காவலாக உட்கார்ந்துவிடலாமா, அப்புறம் கடைக்கு எப்படிப் போவது, மருந்துக்கு எப்படிப் போவது. எழுந்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். அப்போதுதான் கைபேசி அடித்தது.

“அக்கா, எங்கிருக்கற?” வசுமதி. “கீழ. மோட்டார் ரூம்கிட்ட.” “எத்தனை நிமிசம்?” “இருபத்தாறு.” “அய்யோ, இருபத்தாறா? பாவம்க்கா அது. அவரு கேக்கறாரு, காலைல வெள்ளனே கிளம்பி வந்துரலாமான்னு. இங்க எவ்வளவு இடம் கெடக்குது.” “கட்டிப்போடுவாரா?” “முதல்ல நாலு நாள் கட்டித்தானக்கா போடணும். புது இடமில்ல. அப்புறம் பழகிக்கும். கத்தினாலும் இங்க யாருக்குக் கேக்கப்போகுது, சுத்தியும் வாழைதான்.” “உனக்குக் கேக்காதா?” அந்தப் பக்கம் தூரத்தில் சேவல் ஒன்று கூவியது. “என்னக்கா இப்படிப் பேசற.” “அன்னிக்கு உனக்குக் கேட்டுதுதானே?” இதைக் கேட்கக் கூடாது என்று ஒரு மாதமாக வைத்திருந்தாள், இருபத்தாறாவது நிமிடத்தில் வாய் அதுவாகக் கேட்டுவிட்டது. “எந்த அன்னிக்கு?” என்றாள் வசுமதி முதலில். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்தில் யாரோ இருப்பதுபோல, “கேட்டுதுக்கா. எறங்கியிருந்தன்னா மறுபடி ஏறியிருக்க மாட்டேன். உங்கையில டம்ளரையும் பாத்தேன். அதனாலதான் சிரிச்சேன்.” திட்டலாம். அழலாம். சௌந்தரம் சிமெண்டில் ஓடிய ஒரு விரிசலை நகத்தால் கீறினாள். “சரி, நீயே சொல்லு. அதை அங்க வெச்சுக் கஷ்டப்படுத்தணுமா? இப்படிக் கத்த விட்டுட்டு...” என்று தொடங்கிய வசுமதி நிறுத்தினாள். “அக்கா. எனக்கு ஒன்னும் கேக்கலையே.” “என்ன கேக்கலை?” “கத்தறது. போன வாரம் பேசறப்போ போன்லயே கேட்டுது. இப்போ ஒன்னுமே கேக்கலை.” சௌந்தரம் கைபேசியைக் காதிலிருந்து எடுத்தாள். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம். எங்கோ ஒரு குக்கர். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அடுத்த ஓலத்துக்காக உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள், இடைவெளிதான், மூச்சு வாங்குகிறது, இதோ வரும். வரவில்லை. “அப்புறம் பேசறேன்,” என்று வைத்துவிட்டாள்.

பதினொன்று நாலு. இனி பதினோரு நிமிடம். சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது, ஆனால் சந்தோஷம் எங்கே இருந்து வர வேண்டுமோ அங்கே ஒரு குழிதான் இருந்தது. செத்துப்போயிருக்கும். தகரத்தில் கால் மாட்டியிருக்கும். பால்கனிக் கதவைத் தாழிட்டேனா. தாழிட்டேன். தாழிட்டேனா. இருபத்தாறு நாளாக எந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளோ அது நின்றதும் காது அதையே தேடித் தேடி மாடி மாடியாக ஏறியது. யாரும் கூப்பிடவில்லை. இந்த ஊரில், இந்த உலகத்தில், இந்த நிமிடத்தில் அவளைப் பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம், பழனிக்குப் போகலாம், காசிக்குப் போகலாம், உட்காராமல், தண்ணீர் குடிக்காமல். போக ஓர் இடமும் தோன்றவில்லை. பதினொன்று பத்து. பதினொன்று பன்னிரண்டு. பதினொன்றே காலுக்கு எழுந்து, வேண்டுமென்றே இன்னும் இரண்டு நிமிடம் நின்று, தரைத்தளம், முதல் மாடி, எண்ணெய்க் கறை, இரண்டாம் மாடி என்று ஏறினாள். கதவில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. சாவியைப் பஞ்சு வைப்பதுபோல நுழைத்துத் திருப்பினாள். கதவு இரண்டு விரல் அகலம் உள்ளே போயிற்று, அப்புறம் எதிலோ முட்டி நின்றது. கனமாக, மெத்தென்று, சூடாக. இடுக்கில் பழுப்பு மயிர் பிதுங்கியது. குனிந்து காதைக் கொடுத்தாள்: குறட்டை. கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு, அவளுடைய கதவை அடைத்துக்கொண்டு, கலெக்டர் தூங்கிக்கொண்டிருந்தது.

தள்ளினால் திறக்கும். தள்ளினால் விழித்துக்கொண்டு மேலே தாவி முகத்தையெல்லாம் நக்கும். கை கதவின்மேல் இருந்தது. கதவை மெல்லத் தன் பக்கம் இழுத்து முன்போலச் சாத்தினாள். கைபேசியில், நாளைக்கு வண்டி வேண்டாம், என்று தட்டி வசுமதிக்கு அனுப்பினாள், அனுப்பிய பிறகு இன்னும் ஏதோ எழுத வேண்டும்போல இருந்தது, என்னவென்று தெரியவில்லை. படியில் உட்கார்ந்தாள். வெயில் ஜன்னல் வழியாக ஏறி வந்து முழங்காலில் விழுந்தது. காலி வாளியோடு மேலே வந்த ஜெயக்கொடி நின்றாள். “என்னங்கக்கா, சாவி தொலைஞ்சு போச்சுங்களா?” “இல்லீங்க. தூங்குது. கதவுல சாஞ்சு.” ஜெயக்கொடி காதைத் தீட்டிக் கேட்டாள், முகம் மலர்ந்தது. “அட, ஆமாங்க, சத்தத்தையே காணோம்! ஜெயிச்சுட்டீங்கக்கா. தள்ளிப்போட்டு உள்ள போங்க, உங்க வீடுதானுங்களே?” “அதுவா எந்திரிக்கட்டுங்க.” “அதுவரைக்கும் இப்படி வெளியவேவா?”

“பழகிக்கறேன்,” என்றாள் சௌந்தரம்.